கட்டட விதி யார் கையில்?

2019 டிசம்பர் 2, திங்கட்கிழமை விடியற்காலை. மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூர் கண்ணப்பன் நகரில், கொட்டும் மழையில் இருபதடி உயரச் சுற்றுச்சுவர் ஒன்று சரிந்தது. சுவரின் அடியில் இருந்த நான்கு வீடுகள் மண்ணோடு மண்ணாயின. உறங்கிக்கொண்டிருந்த 17 பேர் உறக்கத்திலேயே மாண்டார்கள். மாண்டவர்கள் அருந்ததிய மக்கள். உழைத்தால்தான் அன்றைக்கு உலை என்ற நிலையில் இருந்தவர்கள். சுவரின் அந்தப் பக்கம் வசதி படைத்தவரின் பங்களா. இந்தப் பக்கம் ஓட்டு வீடுகள்.

அது தீண்டாமைச் சுவர் என்று அந்த மக்களும் பல இயக்கங்களும் சொன்னார்கள். சுவர் ஆபத்தாக நிற்கிறது என்று முன்பே முறையிட்டதாகவும் சொன்னார்கள். கேட்பார் இல்லை. பிணங்களைக் கிடத்தி வைத்த ஆஸ்பத்திரி வாசலில் நியாயம் கேட்டுக் கூடியவர்கள் மேல் போலீஸ் தடியடி நடந்தது. பிறகு சுவரின் சொந்தக்காரர் கைது செய்யப்பட்டார். சர்க்கார் முதலில் அறிவித்த 4 லட்ச ரூபாய் நிவாரணம் 10 லட்சமாக உயர்ந்தது. முதலமைச்சரே நேரில் வந்தார். இதெல்லாம் நடந்தது. ஆனால் ஒரு கேள்வி மட்டும் அங்கேயே நின்றுவிட்டது. இருபதடிச் சுவரை எந்தக் கணக்கில் எழுப்பினார்கள்? எழுப்பும்போது கேட்டது யார்? எழுப்பிய பிறகு பார்த்தது யார்?

“மழை பெய்தது, சுவர் விழுந்தது, அவர்கள் தலைவிதி” என்று பேசியவர்கள் உண்டு. தலைவிதியைப் பற்றி நமக்கு எதுவும் தெரியாது. கட்டட விதி என்று ஒன்று உண்டு. அதைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். அதைத்தான் இந்த வாரம் நம் வாசகர்களிடம் பேச விரும்புகிறோம்.

இந்தியத் தர நிர்ணய அமைவனம், செங்கல், கல் கட்டுமானங்களுக்கு ஒரு கோடு வைத்திருக்கிறது. எண் 1905, கடைசியாகத் திருத்தி வெளியிட்ட ஆண்டு 1987. கூரையும் குறுக்குச் சுவரும் இல்லாமல் தனியே நிற்கும் சுவர் எவ்வளவு உயரம் போகலாம் என்று அதில் சொல்லியிருக்கிறது. கணக்கு எளிது. காற்றின் வேகம் மிகக் குறைந்த இடத்தில்கூட, சுவரின் கனத்தைப் போல பத்து மடங்குக்கு மேல் உயரம் கூடாது. காற்று பலமாக வீசும் இடமென்றால் இது ஏழு மடங்கு, ஐந்து மடங்கு, நான்கு மடங்கு என்று குறைந்துகொண்டே வரும். அதாவது ஒன்பது அங்குலச் சுவர் தாங்கு தூண் இல்லாமல் நிற்க வேண்டுமானால் அதன் உயரம் ஏழரை அடிக்குள் இருக்க வேண்டும். இருபதடி போக வேண்டுமானால் இரண்டடிக் கனமாவது வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பாய்கிற நம் சீமையில் இந்தப் பத்து மடங்குக் கணக்குகூடப் போதாது.

இதுவும் சுவரின் இரு பக்கமும் ஒரே மட்டமாக இருந்தால்தான். ஒரு பக்கம் மண் மேடு, மறு பக்கம் பள்ளம் என்றால் கணக்கே வேறு. அது மண்ணைத் தாங்கும் சுவர். மண் இரவும் பகலும் அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும். உயரம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். சுவரைக் கவிழ்க்கும் வலு எட்டு மடங்காகும். மண்ணில் மழை நீர் இறங்கி, வெளியே போக வழியில்லாமல் நின்றுவிட்டால், காய்ந்த மண்ணின் தள்ளலைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் அழுத்தம் ஏறும். இதற்காகத்தான் சுவரின் அடியில் வரிசையாக நீர் கசியும் ஓட்டைகள் விடுவது. மேஸ்திரிகள் வீப் ஹோல் என்பார்கள். ஒரு துண்டு பைப்பு, பின்னால் ஒரு கூடை ஜல்லி. இதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். இந்தச் சொற்பச் செலவை மிச்சம் பிடித்த சுவர்கள் நம் ஜில்லாவில் எத்தனை நிற்கின்றன என்று யாராவது எண்ணிப் பார்த்தது உண்டா?

நடூர் தனிச் சம்பவம் அல்ல. 2014 ஜூலை 6 அன்று திருவள்ளூர் மாவட்டம் உப்பரபாளையத்தில், ஒரு கிடங்கின் இருபதடிச் சுற்றுச்சுவர் மழையில் சரிந்தது. சுவரை ஒட்டிக் குடிசை போட்டுத் தங்கியிருந்த 11 பேர் மாண்டார்கள். கட்ட வந்த தொழிலாளர்களுக்குத் தங்க இடம் என்று காண்ட்ராக்டர்கள் காட்டுவது எப்போதும் சுவரோரம்தானே! அதற்கு எட்டு நாள் முன்பு, 2014 ஜூன் 28 அன்று, சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினோரு மாடிக் கட்டடம் நொறுங்கி 61 பேர் மாண்டார்கள். பிழைப்பு தேடி வந்த கட்டுமானத் தொழிலாளர்களே அதில் பெரும்பாலோர். கோவையிலும், 2023 ஜூலையில் சுகுணாபுரம் பக்கம் ஒரு கல்லூரியில் சுற்றுச்சுவர் வேலை செய்துகொண்டிருந்த வெளிமாநிலத் தொழிலாளர்கள், பக்கத்தில் நின்ற சுவர் சரிந்து உயிர் விட்டார்கள். இடம் வேறு, வருஷம் வேறு. சுவரின் அடியில் இருந்தவர்கள் மட்டும் எங்கும் ஒரே வர்க்கம்.

இப்போது வீடு கட்டுகிறவர்களைப் பற்றிப் பேசுவோம். நம் தோழர்களில் பலர் கொத்தனார்கள், சித்தாள்கள், கம்பி கட்டுபவர்கள். மில்லிலிருந்து கணக்கு முடித்து அனுப்பப்பட்ட பின் கரணை பிடித்தவர்கள் எத்தனையோ பேர். இன்னும் பலர், பி.எப். பணத்தையும் மனைவியின் தோட்டையும் போட்டு ஒண்ணரை சென்ட்டில் சொந்த வீடு எழுப்புகிறவர்கள். இவர்களிடம் “கட்டட விதியைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்” என்றால் சிரிக்கிறார்கள். “நாங்க முப்பது வருசமா கட்டறோம், எந்த வீடு விழுந்துச்சு?” என்கிறார்கள்.

கை அனுபவத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. நூல் பிடிப்பதிலும் குண்டு பார்ப்பதிலும் எந்த இஞ்சினீயரும் நம் கொத்தனாரிடம் பாடம் கேட்க வேண்டும். ஆனால் முப்பது வருஷத்தில் விதி நின்ற இடத்தில் நிற்கவில்லை. உதாரணத்துக்குக் கான்கிரீட் கலவையை எடுத்துக்கொள்வோம். ஒன்றுக்கு இரண்டு நாலு என்பது தலைமுறை தலைமுறையாக வந்த வாய்ப்பாடு. ஒரு பங்கு சிமெண்ட், இரண்டு பங்கு மணல், நாலு பங்கு ஜல்லி. 1978-ஆம் வருஷத்துக் கான்கிரீட் கோடு, கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு இந்த வலுவை ஒத்துக்கொண்டது. 2000-இல் அதைத் திருத்தினார்கள். எம் 20-க்குக் குறைந்த கலவையில் கம்பி போட்ட கான்கிரீட் கூடாது என்றார்கள். கை அளவையில் சொன்னால் ஒன்றுக்கு ஒண்ணரை மூன்று. இருபத்தைந்து வருஷம் ஆகிவிட்டது. இன்றைக்கும் அன்னூர் பக்கமோ பல்லடம் பக்கமோ போய் ஒரு சென்ட்ரிங் பலகையின் மேல் நின்று “என்ன கலவை?” என்று கேளுங்கள். ஒன்றுக்கு ரெண்டு நாலு என்றுதான் பதில் வரும். அதிலும் நாலு என்பது சட்டியின் கணக்கு; ஐந்தாவது சட்டி எப்போது விழுந்தது என்று எவருக்கும் தெரியாது!

தண்ணீர் விஷயமும் இப்படித்தான். “ஏழு நாள் தண்ணி காட்டினா போதும்” என்பது பழைய சாதா சிமெண்ட் காலத்துப் பேச்சு. இன்றைக்குக் கடையில் கிடைப்பது பெரும்பாலும் அனல் நிலையச் சாம்பல் கலந்த சிமெண்ட். அது மெதுவாகத்தான் இறுகும். கலப்பு சிமெண்டுக்குக் குறைந்தது பத்து நாள் ஈரம் வேண்டும் என்று அந்த 2000-ஆம் வருஷத்துக் கோடு சொல்கிறது. மூட்டையின் மேல் எழுதியிருப்பது மாறிவிட்டது; நம் வாய்ப்பாடு மாறவில்லை. சித்திரை வெயிலில் நாலாம் நாளே குடத்தைக் கவிழ்த்துவிட்டுப் போனால் அந்தத் தளம் பத்து வருஷத்தில் ஒழுகும். ஒழுகினால் உள்ளே கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி உப்பி, மேலே இருக்கும் கான்கிரீட்டைச் செதிள் செதிளாகத் தள்ளும். பழைய லைன் வீடுகளிலும் காலனி வீடுகளிலும் தளத்திலிருந்து காரை பெயர்ந்து தொட்டிலில் விழுவது இதனால்தான். கம்பிக்கு மேல் எவ்வளவு கான்கிரீட் மூட வேண்டும் என்பதும் விதியில் இருக்கிறது. அஸ்திவாரத்துக்கு 50 மில்லிமீட்டர், தூணுக்கு 40, தளத்துக்கு 20. அந்த இடைவெளி விடக் கம்பிக்கு அடியில் கவர் பிளாக் வைக்க வேண்டும். ஜல்லித் துண்டை முட்டுக் கொடுத்துவிட்டுப் போகிற பழக்கத்தைத் தோழர்கள் கைவிட வேண்டும். மேஸ்திரி கோபித்துக்கொண்டாலும் கைவிட வேண்டும்.

பூமி அதிர்ச்சி என்றால் குஜராத்துக்கும் ஜப்பானுக்கும்தான் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 1900 பிப்ரவரி 8 அன்று அதிர்ந்தது இந்தக் கோயம்புத்தூர்தான். தென்னாட்டில் பதிவான பெரிய அதிர்ச்சிகளில் ஒன்று அது. 2001 ஜனவரி 26-இல் குஜராத்தில் பூஜ் நகரம் இடிந்த பிறகு, 2002-இல் வெளியான திருத்திய வரைபடத்தில் கோவை மூன்றாம் மண்டலத்தில் வைக்கப்பட்டது. அப்படிப்பட்ட இடத்தில் வாசலுக்கும் ஜன்னலுக்கும் மேல் மட்டும் லிண்டல் போட்டு நிறுத்தக் கூடாது. நாலு சுவரையும் சேர்த்து இடுப்பில் அரைஞாண் கட்டினது போல ஒரு கான்கிரீட் பட்டை சுற்றி வர வேண்டும். ஒரு சின்ன வீட்டுக்கு இதனால் கூடும் செலவு, கிரகப்பிரவேசப் பந்தலுக்கும் சாப்பாட்டுக்கும் ஆகும் செலவைத் தாண்டாது. அந்தச் செலவில் ஒரு கூட்டு பாயசம் குறைந்தால் சம்பந்தி வருத்தப்படுவார் என்பது உண்மைதான்.

இங்கே விவசாயத் தொழிலாளத் தோழர் ஒருவர் எழுந்து கேட்பார். “விதி விதி என்கிறீர்களே, அந்த விதியைக் காட்டித்தானே எங்கள் குடிசையைப் பிடுங்குகிறார்கள்? பிளான் அப்ரூவல் என்று போனால் எத்தனை மேஜைக்குப் படியளக்க வேண்டும்?”

நியாயமான கேள்வி. விதி என்ற சொல்லைக் கேட்டதும் ஏழைக்கு ஆபீஸ் வாசல் ஞாபகம் வருகிறதென்றால் குற்றம் ஏழையுடையது அல்ல. ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கட்டட விதியில் இரண்டு பாகம் இருக்கிறது. ஒன்று காகிதம்: பட்டா, வரைபடம், கட்டணம், முத்திரை. இன்னொன்று எலும்பு: அஸ்திவாரம், கலவை, கம்பி, காற்று, வெளிச்சம், தண்ணீர் போகும் வழி. அதிகாரிகள் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு எலும்பை விட்டுவிடுகிறார்கள். நாமும் காகிதத்தின் மேல் உள்ள கோபத்தில் எலும்பை விட்டுவிட்டால் நஷ்டம் யாருக்கு? சூலூர், பல்லடம் பக்கத்துக் கரிசல் மண் மழையில் ஊதி, கோடையில் வெடிப்பது நமக்குத் தெரியாததா? அந்த வெடிப்பு எவ்வளவு ஆழம் போகிறதோ அதற்குக் கீழே அஸ்திவாரம் இறங்க வேண்டும். இல்லையென்றால் மூன்றாம் வருஷம் சுவரில் மூலைக்கு மூலை வாய் பிளக்கும். இதைச் சொல்ல லஞ்சம் வேண்டாம், முத்திரை வேண்டாம்.

சர்க்காரின் பங்குக்கு வருவோம். நகராட்சிகளுக்கு 1972-இல் ஒரு விதி, ஊராட்சிகளுக்கு 1997-இல் ஒரு விதி என்று தனித்தனியாக இருந்தவற்றை ஒன்றாக்கி, 2019 பிப்ரவரியில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளை வெளியிட்டார்கள். அதன் பிறகும் பல திருத்தங்கள் வந்துவிட்டன. 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடிக்கு மிகாத மனையில், 3,500 சதுர அடிக்கு மிகாமல், தரைத்தளமும் ஒரு மாடியும் கொண்ட வீட்டை, வீட்டுக்காரரே சான்றளித்து இணையத்தில் உடனே அனுமதி பெற்றுக்கொள்ளலாம். கட்டுமுன் அதிகாரி வந்து பார்ப்பதும், முடிவில் நிறைவுச் சான்றிதழும் அவசியமில்லை.

ஆபீஸ் படி ஏறும் துன்பம் குறைந்தது நல்லதே; அதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் இதன் மறுபக்கத்தைப் பாருங்கள். “விதிப்படி கட்டுவேன்” என்று கையெழுத்துப் போடுகிறவர் இப்போது வீட்டுக்காரர். அவர் ஒரு நூற்பாலையில் டாபர் வேலை பார்ப்பவராக இருக்கலாம். எந்த விதிப்படி என்று அவருக்குத் தெரியாது. அவர் நம்புவது மேஸ்திரியை. மேஸ்திரி நம்புவது தன் மாமனிடம் கற்ற வாய்ப்பாட்டை. நாளை விரிசல் விட்டால் அதிகாரி கை கழுவிக்கொள்வார். “நீதானே கையெழுத்துப் போட்டாய்?” என்பார். அதிகாரியின் கண் விலகுகிற இடத்தில் கட்டுகிறவனின் அறிவு வந்து நிற்க வேண்டாமா? அதற்கு சர்க்கார் செய்த ஏற்பாடு என்ன?

தர நிர்ணயக் கோடுகள் இங்கிலீஷில் இருக்கின்றன. கோடு மாறியது இஞ்சினீயர் படித்தவருக்குத் தெரியும். கலவை போடுகிற கைக்குத் தெரியாது. தமிழகத்தில் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் 1994-இல் போராடிப் பெற்றது. கட்டுமானச் செலவில் நூற்றுக்கு ஒன்று என்று வசூலாகும் பணம் தொழிலாளியின் பெயரில் சேர்கிறது. அந்தப் பணத்திலிருந்து, இன்று நடப்பில் உள்ள விதிகளில் எலும்பான பாகத்தை மட்டும் எடுத்து, படம் போட்டு, தமிழில் ஒரு சின்னப் புத்தகமாக ஒவ்வொரு அட்டைதாரர் கையிலும் கொடுப்பதற்குத் தடை என்ன? விதி திருத்தப்படும்போதெல்லாம் திருத்தத் தாள் ஒன்றை அனுப்ப என்ன செலவு? வேலை நாள் கூலி கொடுத்து, வருஷத்துக்கு இரண்டு நாள், ஒன்றிய அளவில் வகுப்பு நடத்தட்டும். வட நாட்டிலிருந்து வந்து நம் சகோதரர்களாகச் சாரத்தில் ஏறி நிற்பவர்களுக்கு இந்தியிலும் வங்காளியிலும் ஒடியாவிலும் கொடுக்கட்டும். இது பிச்சை அல்ல. தொழிலாளியின் பணம், தொழிலாளியின் உயிருக்கு.

கட்டிட சங்கத் தோழர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கூலி உயர்வுக்கு நின்றது போல் இதற்கும் நிற்க வேண்டும். “ஓட்டை விடாதே, கம்பியைக் குறை, நாளைக்கே சென்ட்ரிங்கைப் பிரி” என்று காண்ட்ராக்டர் சொல்லும்போது, “விதி இப்படிச் சொல்கிறது” என்று எதிர்த்துச் சொல்ல எண் தெரிந்திருக்க வேண்டும். வெறும் கையோடு மறுத்தால் மறுநாள் வேறு ஆள் வைத்துக்கொள்வான். விதியைக் காட்டி மறுத்தால், சங்கமும் பின்னால் நின்றால், அவன் யோசிப்பான். கட்டடம் விழுந்த பிறகு முதல் விலங்கு மேஸ்திரிக்கும் கொத்தனாருக்கும்தான் பூட்டப்படுகிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

வடகிழக்கு மழை அக்டோபரில் இறங்கும். அதற்கு முன் ஒவ்வொரு கிளையும் தன் ஊரில், தன் வார்டில், மில் காம்பவுண்ட் ஓரத்தில், தோட்டத்து வேலி ஓரத்தில், குடியிருப்பை ஒட்டி நிற்கும் உயரச் சுவர்களைப் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு டேப் போதும். உயரம் எவ்வளவு, கனம் எவ்வளவு, மறுபக்கம் மண் ஏறியிருக்கிறதா, அடியில் ஓட்டை இருக்கிறதா, சுவர் வயிறு தள்ளியிருக்கிறதா, விரிசல் எந்தப் பக்கம் போகிறது, கீழே எத்தனை வீடு, எத்தனை குழந்தைகள் என்று எழுதிக்கொள்ளுங்கள். போட்டோ எடுங்கள். பத்து மடங்குக் கணக்கைத் தாண்டிய சுவர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மகஜர் எழுதி, அந்த வீட்டுப் பெண்களின் கையெழுத்தோடு, திங்கட்கிழமை மனு நாளில் கலெக்டரிடம் கொடுங்கள். நகல் ஒன்று நகராட்சிக்கோ ஊராட்சிக்கோ போகட்டும். மனு எண் போட்ட ரசீதை வாங்காமல் திரும்ப வேண்டாம். ரசீது எண்ணையும் சுவர் நிற்கும் இடத்தையும் நமக்கு எழுதி அனுப்புங்கள். இடிக்கப்பட்டது எது, தாங்கு தூண் கட்டப்பட்டது எது, இன்னும் அப்படியே நிற்பது எது என்று வாரா வாரம் இந்தப் பக்கத்தில் ஊர் பெயரோடு போடுகிறோம்.